ஊர் திரும்பும் தேதி

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வயது பதினொன்று. அப்பாவைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதும், இலங்கையின் வவுனியாவிலிருந்து உயிருக்குப் பயந்து சென்னைப் பக்கம் பொழிச்சலூருக்கு வந்து சேர்ந்திருந்தோம். விசா நீட்டிப்பு விண்ணப்பம் இணையத்துக்கு மாறியபோது குடும்பத்தின் தலையெழுத்தே என் கைக்கு வந்தது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

கடைசி நாளில் பிரவுசிங் சென்டரில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ஒரு கட்டம்தான் பாக்கி: நாடு திரும்பும் தேதி. அதை நிரப்பாமல் பக்கம் நகரவில்லை. அப்பா வேலைக்குப் போன மறைமலை நகர் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டு வருவதற்குள் பக்கம் மூடிக்கொள்ளும்.

“இன்னா பாப்பா, இன்னும் முடியலையா? ஆளுங்க வெயிட் பண்றாங்க பாரு,” என்றார் கடைக்கார அண்ணா.

என் வகுப்பில் எல்லோரும் அரையாண்டு லீவுக்குத்தானே ஊருக்குப் போகிறார்கள்? டிசம்பர் இருபத்து நான்கு என்று போட்டேன். பக்கம் சமர்த்தாக நகர்ந்தது.

பத்தே நாளில் விசா ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். டிசம்பர் டிக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார்களாம்.

“டிசம்பரிலயோ?” என்று கேட்ட அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணம் அப்பாவைப் பார்த்தார். “அங்க இறங்கின உடன இவரைப் பிடிச்சிடுவாங்களே. என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறாய் பிள்ளை?”

“அவளை ஏசாத. நான் பக்கத்தில இருந்திருக்கோணும்,” என்றார் அப்பா.

நானே அப்பாவைப் பிடித்துக் கொடுத்துவிட்டதாக அழுதேன்.

ஆபீசில் விண்ணப்பத்தைப் பார்த்த சார் என்னைத்தான் கேட்டார். “எதுக்கும்மா இந்தத் தேதி?”

“லீவு விடுவாங்க சார்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு அச்செடுத்த விண்ணப்பத் தாளைத் திருப்பித் தந்து, வேறு விண்ணப்பம் போடச் சொன்னார்.

இந்த முறை அப்பா பக்கத்தில் இருந்தார். அந்தக் கட்டம் வந்ததும் திரையில் அதன்மேல் விரலை வைத்தார்.

“தள்ளிப் போடு பிள்ளை.”

“எவ்வளவு அப்பா?”

“கம்ப்யூட்டர் எவ்வளவு தூரம் விடுதோ, அவ்வளவுக்கு.”

வீட்டுக்கு வந்து பழைய தாளைக் கிழிக்கப் போனேன். அம்மா பிடுங்கி, நான்காக மடித்து, பாஸ்போர்ட்டுகளோடு வைத்துக்கொண்டார். என் பிழையைச் சொல்லிக்காட்டத்தான் வைத்திருக்கிறார் என்று எத்தனையோ நாள் கோபமாக இருந்தேன். பிறகுதான் புரிந்தது: எங்கள் மூவரின் பெயருக்கு நேரே, அந்த வருஷமே ஊர் திரும்பும் நாளென்று ஒன்று அச்சாகியிருந்த தாள், அவரிடம் அது ஒன்றுதான் இருந்தது.