பனித் துணிக்கு அடியில் மெத்தை கேட்டவர்

தவமணி டீச்சர் காலமான செய்தி, கிறிஸ்துமஸ் பாலே ஒத்திகையின் நடுவே எனக்கு வந்தது. அவருடைய தம்பி ஃபோனில், "அக்கா போயிட்டாங்க. காலையில எழுந்திரிக்கல," என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளராக இருந்தவர். சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைப்பார். தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்து, வீட்டு வாசல் நடைபாதையிலேயே கரணம் போடப் பார்ப்பார்கள். "முறுக்குத் தின்ன வயித்தோட யாரும் தலைகீழா நிக்காதீங்க லா, அப்புறம் நான்தான் கூட்டணும்," என்று அதட்டுவார்.

நான் பாலே ஆசிரியை. எங்கள் நடனப் பள்ளியின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் டீச்சரின் பிள்ளைகள் கோமாளி வேடத்தில், பெரிய பரிசுப் பெட்டிக்குள்ளிருந்து கரணம் போட்டபடி வருவார்கள். அடுத்து என் பிள்ளைகள் நுனிக்காலில் ஆடுவார்கள். பினாங்கில் ஏது பனி? கோமாளிகள் வரும்போது மேடையில் வெள்ளைத் துணியை விரித்துப் பனி என்போம்.

எங்கள் நிகழ்ச்சியில் சேர்ந்த ஆண்டே டீச்சர் சொன்னார்: "அந்தத் துணிக்கு அடியில மெத்தை போடுங்க. என் பிள்ளைங்களுக்கு மெத்தை வேணும், உங்க பிள்ளைங்களுக்குக் கெட்டித் தரை வேணும். நடுவுல திரைய இறக்கி மெத்தைய எடுத்துட்டா ரெண்டும் ஆச்சு."

மெத்தையில் நுனிக்கால் ஊன்றினால் கணுக்கால் பிசகும். வெறும் பலகையில் கரணம் போட்டால் எலும்பு முறியும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பா வேண்டும்?

சில ஆண்டுகள் அவர் சொன்னபடி நடந்தது. டீச்சரே மெத்தையை இழுத்துப் போடுவார். பிறகு பள்ளியை நடத்தும் மேடத்துக்கு நடுவில் திரை இறங்குவது பிடிக்காமல் போயிற்று. ஒரு நிகழ்ச்சியன்று, டீச்சர் பிள்ளைகளுக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, மெத்தையை எடுக்கச் சொல்லிவிட்டார். துணி வழுக்கியது. ஷாலினி என்ற சிறுமியின் முழங்கை முறிந்தது.

பெற்றோர் கேட்டபோது மேடம், "பயிற்சி சரியில்ல," என்று ஒரே போடாகப் போட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நடந்ததை நான் எல்லார் முன்னாலும் சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சரை நிறுத்திவிட்டார்கள், கோமாளி ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவரோ என்னிடம், "முதல்ல பிள்ளையோட கையப் பாருங்க. என் பேரு அப்புறம்," என்றார்.

இறுதிச் சடங்குக்கு மேடம் மலர்வளையத்தோடு வந்தார். இந்த ஆண்டு நிகழ்ச்சியை டீச்சருக்குச் சமர்ப்பிக்கப் போகிறாராம். மேடையில் பெரிய படம் வைப்பாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"கோமாளிங்க வர்றப்ப மெத்தை உண்டா மேடம்?" என்று கேட்டேன்.

"திரைய இறக்கினா மூட் போயிடும் லா. இங்க வந்து இதப் பேசணுமா?"

"இங்கதான் பேசணும். மெத்தை இல்லன்னா என் பிள்ளைங்களும் ஆட மாட்டாங்க. நீங்க படத்த மட்டும் வெச்சு நடத்துங்க."

அவர் மலர்வளையத்தை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

சவ வண்டி புறப்பட்டபோது டீச்சரின் பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்குக் காட்டுவார்களே, அதுபோல் இரு கைகளையும் தலைக்கு மேல் நேராக உயர்த்தினார்கள். ஷாலினியும் உயர்த்தினாள். அவளுடைய வலது கை முழங்கையில் மடங்கியே நின்றது, அதற்கு மேல் நீளவில்லை.

போய் வாருங்கள், டீச்சர். இந்த முறை மெத்தையை நான் இழுத்துப் போடுவேன். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.