தம்ளர் அடியில் தங்கிய மருந்து

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூரில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நாலு மாதம் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்கு முன் ஜெயங்கொண்டத்தில் மூட்டை தூக்கினேன், விருத்தாசலத்தில் ஓட்டலில் மாவாட்டினேன். ஒரே இடத்தில் கால் தரிக்காது. இங்கே புட்டி கழுவுவதும் கல்வத்தில் மருந்து அரைப்பதும் என் வேலை.

நிமோனியாவுக்குப் புதிதாக ஒரு வெள்ளை மாத்திரை வந்திருந்தது. கிடைப்பது அரிது. செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்கு மூச்சு இரைத்தது. மாத்திரையை விழுங்க முடியவில்லை. பின்கட்டில் படுக்க வைத்தோம். பேச்சுவாக்கில் என் பழைய வேலைகளையெல்லாம் அவரிடம் சொன்னேன். நாலு மணி நேரத்துக்கொரு தரம் மாத்திரையை அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அது எளிதில் கரையாத மருந்து, மைபோல அரைத்தால்தான் வயிற்றில் கரைந்து உடம்பில் சேரும் என்றும் சொன்னார். நான் நாலு தேய் தேய்த்துவிட்டு எடுத்துவிடுவேன். உடைத்தால் போதாதா என்ற நினைப்பு.

இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. நாளைக்குள் இறங்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறு நோயாளியைப் பார்க்க உடையார்பாளையம் போய்விட்டார்.

அன்று மத்தியானம் கணவர் காலித் தம்ளரோடு வந்து என் முன்னால் நின்றார். அடியில் தங்கியிருந்ததை விரலால் வழித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நறநறங்குதுங்களே. இது அரைபடலீங்க."

அது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"நான் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு அரைக்கிறவன். செவுத்துல பூசுற சுண்ணாம்பு இப்படி இருந்தாலே மேஸ்திரி திருப்பி அனுப்பிடுவாரு. ஓட்டல்ல மாவாட்டுனேன்னு சொன்னீங்களே, இப்படி அரைச்சிருந்தா அந்த மாவுல இட்லி எப்படிங்க வெந்துச்சு?"

நான் எழுந்து கல்வத்தை விட்டு நகர்ந்தேன். அவர் கையை மூன்று முறை கழுவிக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். அடுத்த வேளை மாத்திரையைக் கல்வத்தில் போட்டு ஒரு மணி நேரம் அரைத்தார். உள்ளே மனைவி இரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதும் அவர் கை அவசரப்படவில்லை. தொட்டுப் பார்ப்பார், மறுபடி அரைப்பார். தண்ணீரில் போட்டபோது அந்தப் பொடி அடியில் இறங்காமல் பால்போல் கலங்கி நின்றது. அவரே கொண்டுபோய்ப் புகட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் நானே அரைத்தேன். ஆனால் அவர் விரலால் தொட்டுப் பார்க்காமல் ஒரு தடவைகூட வாங்கவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் மாலை அந்த அம்மாளுக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டார். திரும்பி வந்த டாக்டர், மருந்து வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். கணவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்குப் புறப்பட்டு வண்டியில் ஏறும்போதுதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"அடுத்து வர்றவங்களுக்கும் தொட்டுப் பாத்துக் குடுங்க."

அடுத்த மாதமே அந்த வேலையையும் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. ஆனால் எதையாவது இது போதும் என்று பாதியில் எழுந்திருக்கத் தோன்றினால், இன்றும் என் கட்டைவிரல் தானாகச் சுட்டுவிரலைத் தேய்த்துப் பார்க்கிறது.