அறைக்குள் வைத்த கரியடுப்பு

பிள்ளைகளே, பாலைவனத்தில் குளிரா என்று சிரிக்காதீர்கள். சவூதியில், தம்மாமில் நான் வேலை பார்த்தபோது, ஒரு ஜனவரியில் குழாய்த் தண்ணீரைத் தொட முடியவில்லை. தொழிலாளர் கேம்பில் எங்கள் ரூமுக்கு ஏசி உண்டு, ஹீட்டர் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வெளியே கோழி சுட்ட கரியடுப்பை நெருப்போடு ரூமுக்குள் தூக்கி வந்தோம். கதவிடுக்கிலும் துணியை அடைத்தோம்.

"சொர்க்கம்டா மாப்ள!" என்றான் கூட இருந்த அந்தோணி. கொஞ்ச நேரத்தில் தலை வலிக்குது என்று படுத்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். எனக்கும் கண் சொருகியது.

உப்புக் கேட்டு வந்த பக்கத்து ரூம் பெஷாவர்க்காரர் கான் பாய் கதவைத் தள்ளினார். "அரே பாகல்!", அடப் பைத்தியங்களா என்று கத்திக்கொண்டே அந்தோணியைத் தோளில் போட்டு வெளியே ஓடினார். நான் எழுந்தேன், கால் நிற்கவில்லை. தவழ்ந்துதான் வாசலுக்கு வந்தேன். அடைத்த ரூமில் எரியும் கரி, வாசனையே இல்லாத விஷவாயுவைக் கக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தோணி அசையவே இல்லை. கான் பாய் அவன் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்து அடித்து, கடைசியில் கண் திறந்தான்.

"யாருடா கதவத் தொறந்தது? குளுருது!"

கான் பாய் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தக் காற்றுக்குப் பயந்து கதவை அடைத்தோமோ, அதுதான் அவனைத் திருப்பித் தந்தது.

சாயங்காலம், நடந்ததை யாரிடமும் சொல்லாமல் கேம்பில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "பாய், உள்ளே கரி இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.