இறங்கிய சோப்புப் படலம்

படித்தவள் பேய்க்கதை விடுகிறாள் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் மாட்டிக்கொண்டது நான். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஒரே ஒரு அளவீடு பாக்கி. "திங்கக்கிழமை ரீடிங் வரலைன்னா கையெழுத்து கிடையாதும்மா" என்றுவிட்டார் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார். அதனால் ஞாயிறு மதியம், ஆளில்லாத கட்டடத்தின் அடித்தளத்தில், வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கருவியோடு தனியாக இருந்தேன்.

வேலை இதுதான். ஒரு மெல்லிய இரும்புக் குழாய். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த குருணைகள். சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் அதில் ஓடும்போது வேறொரு வாயுவைத் துளி ஏற்றினால், அது துளைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். கணினியில் ஒரு மேடாக விழும். உள்ளே எவ்வளவு நேரம் தங்கியதோ, அவ்வளவு அகலமான மேடு.

அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்துவிட்டது. அதனால் லேப் உதவியாளர் அண்ணன் கதவிடுக்கில் எப்போதும் ஒரு ஸ்டூலை வைப்பார். "அதை மட்டும் நகத்தாத தங்கச்சி. சம்பளம் கேக்காத வாட்ச்மேன் அது."

வராந்தாக் காற்றில் திரையில் கருவியின் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் ஸ்டூலைக் காலால் வெளியே தள்ளினேன்.

டக்.

செல்போனில் சிக்னல் இல்லை. சரி, ஐந்து மணிக்கு அண்ணன் பூட்ட வருவார். அதற்குள் முடித்துவிடலாம்.

3.10. முதலில் எந்த வாயுவும் ஏற்றாமல் வெறும் ஓட்டம். நடுவில் நைட்ரஜன் வால்வை மூடினேன். குழாயின் முனையில் ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. வெளிவரும் வாயு அதில் ஒரு சோப்புப் படலத்தை மேலே தள்ளும். வால்வு மூடியதும் படலம் நின்றது.

3.14. படலம் ஏறியது.

கசிவு என்று நினைத்தேன்.

பிறகு... இறங்கியது.

கசிவென்றால் இறங்காது.

ஏறியது. இறங்கியது. தூங்குகிறவர் மார்பு மாதிரி.

திரையில் கோடு மெல்ல எழுந்தது. நான் எதையும் ஏற்றவில்லை.

தலை சுற்றியது. அப்போதுதான் காதில் விழுந்தது. சிலிண்டர் இணைப்பில்... ஸ்ஸ்ஸ்.

நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் நிறைந்தால், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது.

சிலிண்டர் திருகு அசையவில்லை. கதவை அறைந்தேன்.

"அண்ணா..."

கதவோரம் சரிந்து விழுந்தேன்.

படலம் ஏறியபோது நான் மூச்சை விட்டேன். இறங்கியபோது இழுத்தேன். அடக்கிப் பார்த்தேன்.

முடியவில்லை.

3.26. படலம் சரசரவென்று இறங்கியது. அடிவரை. உள்ளே...

கண் விழித்தபோது வராந்தாவில் கிடந்தேன். அண்ணன் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மா கீழ எட்டிப் பாத்தேன், ஸ்டூல் வெளிய கெடந்துச்சு. அதான் ஓடி வந்தேன்."

தண்ணீர் கொடுத்தபிறகு சொன்னார். "அந்தக் குழாய்ல குருணைய அடைச்சது உனக்கு முன்னாடி சார்கிட்ட ஆராய்ச்சி பண்ண அக்கா. இதே ரூம்லதான் மூச்சு முட்டி... ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் ஸ்டூல்."

"சார் ஒரு வார்த்தை சொல்லல."

"மாரடைப்புன்னு எழுதி முடிச்சிட்டாங்கம்மா."

திங்களன்று, திரையில் எழுந்த அந்தக் கோட்டை அச்செடுத்த தாளை சார் முகத்தில் எறிந்தேன். கையெழுத்துப் போட்டார். நான் எதையும் ஏற்றாமல் விழுந்த அந்த மேட்டின் அகலத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். குருணைகளுக்குள் வாயு சில நொடிகள்தான் தங்கும்.

விடை இரண்டு வருடம் என்று வந்தது.

அந்த அக்காவின் மூச்சு வெளியே வந்துவிட்டது. கடைசியாகக் குழாய் உள்ளே இழுத்தது என் மூச்சை.

அது இன்னும் வரவில்லை.