மணி ஓயும் வரை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் சாந்தோம் உறவினர்கள், பாதிப்பேர் இராயப்பேட்டை உறவினர்கள். அட்டையில் சிலுவை போடுவதா, அரச இலை போடுவதா என்று அத்தான் என்னைக் கேட்டார். அக்காவின் படத்தையே போட்டுவிடுங்கள், இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும் என்றேன். படம் சற்றுக் கலங்கலாக இருக்கிறதே என்று யாரும் அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா பிறந்தது இராயப்பேட்டையில். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே பௌத்தத்தைத் தழுவியது. தந்தையாரை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். மவுண்ட் ரோட்டில் ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தார். தாயார் தங்கையான என்னைப் பெற்ற சில மாதங்களில் காலமாகிவிட்டதால், என்னை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். பௌர்ணமிதோறும் நைனா வெள்ளை வேட்டி உடுத்தி, எங்களைப் பக்கத்தில் அமர்த்திப் பஞ்சசீலம் சொல்வார். அன்று நண்பகலுக்கு மேல் ஒரு பருக்கை உள்ளே போகாது, தண்ணீரும் பானகமும்தான். பிறகு கண்ணை மூடித் தியானம். சிறுவயதில் அக்கா அதில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாராம். ஒருநாள் நைனா கடிந்துகொண்டதற்கு, "தூங்கறப்போ யாரையும் அடிக்கல, திருடல, பொய் சொல்லல நைனா. சீலம் எல்லாம் அப்படியேதான் கீது" என்றாராம். கடிய வந்தவர் சிரித்துவிட்டார். அக்காவை வாயால் வெல்ல அன்று முடியாதவருக்குப் பிறகும் என்றுமே முடியவில்லை.

படித்து முடித்து மயிலாப்பூரில் ஒரு சிறு பள்ளியில் அக்கா ஆசிரியையாகச் சேர்ந்தார். போகவர டிராம். அந்த டிராமில் கண்டக்டராக இருந்த சாந்தோம்காரர்தான் எங்கள் அத்தான். மனம் ஒத்துப்போனது. கிறிஸ்துவைப் பற்றி அத்தான் சொன்னவையும் அக்காவின் மனத்தில் தங்கிவிட்டன. கட்டாயத்தின் பேரில் ஞானஸ்நானம் பெற்றார் என்று நம்மவர் சிலர் இன்னும் சொல்லக் கேட்கிறேன், அது தவறு. "சீஷருங்க காலக் கழுவி வுட்டவரு நைனா அவரு. நம்ம வூட்டுக்கு வந்திருந்தா நீயே பாய் போட்டு உக்கார வெச்சிருப்பே" என்று அக்காவே நைனாவிடம் எடுத்துச் சொன்னார். நைனா தடுக்கவில்லை. திருமணத்துக்கும் போகவில்லை.

அத்தானின் தாயாரை அக்காவைப் போலவே நானும் அத்தை என்றுதான் அழைக்கிறேன். அவர்களும் அன்று சும்மா இருக்கவில்லை. பெண்ணின் தகப்பனாரும் தலையில் ஞானஸ்நானத் தீர்த்தம் வாங்கிக்கொண்டால்தான் சம்பந்தி என்று அழைப்பேன் என்று நாலுபேர் காதில் விழும்படி சொன்னார்கள். அது இராயப்பேட்டை வந்து சேர எத்தனை நேரமாகும். என்னை இருக்கிறபடியே ஏற்று அழைக்காத வீட்டின் வாசற்படி மிதியேன் என்று நைனா உறுதி எடுத்துக்கொண்டார். ஆக, கல்யாணமாகிப் பிள்ளைகள் இரண்டு பிறந்த பின்னும் இரு வீட்டாரும் ஒரு பந்தியில் உட்கார்ந்ததில்லை. அக்கா வாழ்க்கையில் பெரிதாக ஆசைப்பட்டது அந்த ஒரு பந்திக்குத்தான். நகைக்கோ புடவைக்கோ அவர் முகம் வாடி நான் கண்டதில்லை. பண்டிகை நாட்களில் பேரப்பிள்ளைகளை மட்டும் நைனாவிடம் அழைத்து வந்துவிட்டு, திரும்பும்போது டிராமில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

புகுந்த வீட்டுக்கு அக்கா போனபோது துணிகளுக்கு அடியில் ஒரு சாண் உயரப் புத்தர் சிலையும் போயிற்று. அத்தை அதைக் கண்டுபிடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். அக்கா மறுநாள் விடியற்காலையில் எழுந்து அரிசி டின்னுக்கு எதிரிலேயே ஜெபமாலையோடு உட்கார்ந்தார். ஒரு மணிக்கு ஒரு மூச்சு, ஒரு மூச்சுக்கு ஒரு மந்திரம். மருமகள் அரிசியைக் கும்பிடுகிறாள் என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். "பஞ்ச காலத்துல அதுவும் நல்லதுதானே அத்தே" என்றார் அக்கா.

பிறகு அத்தையின் கம்மல் ஒன்று தொலைந்தது. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்பது சாந்தோமில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு வாரம் வேண்டியும் கம்மல் கிடைக்கவில்லை. அத்தை சோறும் இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது அக்கா அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து சிலையை எடுத்து வந்து எதிரில் வைத்தார். "தொலைஞ்சதத் தேடிக் குடுக்க அவரு. கெடைக்கலன்னா வுட்டுட இவரு. ரெண்டு பேரும் வூட்ல இருந்தா நமக்கு நல்லதுதானே அத்தே" என்றார். அத்தை முதலில் முறைத்தார்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றுமுதல் புத்தர் அந்தோனியாருக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறார். கம்மல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தச் செய்தி பங்குச் சுவாமியார் காதுக்குப் போகாமல் இருக்குமா. கூப்பிட்டு விசாரித்தார். அந்தச் சிலையிடம் என்ன கேட்டு மன்றாடுகிறாய் என்றார். "ஒண்ணும் கேக்கறதில்ல சாமி. சும்மா உக்காருவேன். கேக்கறதெல்லாம் உங்க கோயில்லதான்" என்று அக்கா சொல்ல, சுவாமியார் வெகுநேரம் இருமினாராம். சிரிப்பை மறைக்கத்தான் இருமினார் என்பது அக்காவின் கட்சி.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, டிராம் ஓடவேண்டும் என்பதால் அத்தான் குடும்பம் ஊரைவிட்டுப் போகவில்லை. அபாயச் சங்கு ஊதினால் பிள்ளைகள் நடுங்குவார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது "யேசுவே", வெளியே விடும்போது "சாந்தி" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார் அக்கா. தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டன. அதில் முஸ்லிம் வீட்டுப் பையன் ஒருவன் தனக்கு என்ன சொல்வதென்று கேட்டான். உங்க வாப்பாவைக் கேட்டு எதுவானாலும் சொல்லு, மூச்சை மட்டும் விட்டுவிடாதே என்றார்.

இனி அந்தப் பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் மனம் இளகிவிட்டது என்று தெரிந்ததும் அக்கா நாள் பார்த்தார். பௌர்ணமியன்று நைனாவுக்குக் கோபம் வராது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் அத்தைக்குக் கோபம் வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். ஆகவே தபசு காலத்தில் வரும் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தார். அது பங்குனிப் பௌர்ணமி, புதன்கிழமை. அன்று அத்தைக்கு ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நோன்பும் உண்டு. இரு தரப்புக்கும் கவிச்சி ஆகாத நாள் என்பதால் சமையலிலும் வம்பில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ரேஷன் அரிசியை வாரக்கணக்கில் மிச்சம் பிடித்து, வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்ச் சாம்பார், பருப்புப் பாயசம் என்று விருந்தே சமைத்துவிட்டார். அத்தானே நேரில் போய், மதம் பற்றி ஒரு வார்த்தை எழாது என்று உறுதி சொல்லி நைனாவை அழைத்தார்.

மாட வீதிகளில் பங்குனித் திருவிழாக் கூட்டம். டிராம் லஸ் முனையோடு நின்றுவிட்டது. நைனாவும் நானும் நெரிசலில் நீந்தி சாந்தோம் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது ஆக இன்னும் கொஞ்ச நேரம்தான். அத்தை வாசலில் நின்று "வாங்க சம்பந்தி" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா உள்ளே ஓடிவிட்டார், அழத்தான். இலை போட்டார்கள், பரிமாறினார்கள். நைனாவும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கையும் இலைக்குப் போகவில்லை.

ஒருசந்தி பிடிக்கிறவர்கள் கோயிலில் உச்சிவேளைத் திரிகால மணி அடித்த பிறகுதான் சாப்பிடலாம். பௌர்ணமி நோன்பு இருக்கிறவர்கள் உச்சிவேளைக்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் யோசித்த அக்கா கடிகாரத்தை மறந்துவிட்டார். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்றார்கள் அத்தை. அழைத்தவர் கை நனைக்காமல் விருந்தாளி நனைப்பதா என்றார் நைனா. இருவர் குரலிலும் மரியாதை இருந்தது, பழைய முறுக்கும் எட்டிப் பார்த்தது. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அது எழுந்திருக்கப் போகிறார் என்பதற்கு அடையாளம்.

அப்போது மணி அடிக்கத் தொடங்கியது. கையில் சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்ற அக்காவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அத்தே, மணி அடிச்சாச்சு, உங்களுக்குப் பொழுது வந்தாச்சு. நைனா, மணி இன்னும் ஓயல, உனக்குப் பொழுது போவல. சீக்கிரம் ரெண்டு பேரும் கைய வைங்க" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, நான் சொல்வதை நம்புங்கள், பசித்த பள்ளிப் பிள்ளைகளைப் போல அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஓரிரண்டு வாய்தான் இருக்கும், மணி ஓய்ந்தது. நைனா கையை எடுத்தார். அத்தையும் எடுத்துவிட்டார்கள். உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே, சாப்பிடுங்கள் என்று நைனா வற்புறுத்தினார். "சம்பந்தி எலைய மூடிக்கினு உக்காந்திருக்க, என் தொண்டைல எப்படி எறங்கும்?" என்றார்கள். ஆளுக்கொரு தம்ளர் பானகத்தைக் குடித்துவிட்டு இருவரும் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். மீந்த விருந்தைத் தெருவே சாப்பிட்டது. அக்காவின் கண்ணும் மூக்கும் அன்று முழுவதும் சிவந்திருந்தன, வாய் மட்டும் மூடவே இல்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அவர் எழுந்து நடமாடும்வரை தினமும் உச்சிவேளைக்கு மேல் உண்பதில்லை என்று நைனா நோன்பு எடுத்தார். அத்தை முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். இரண்டும் பலிக்கவில்லை. கடைசி நாளில் அக்கா மாடத்தைப் பார்த்துவிட்டு, "அந்தோனியாரத் தொந்தரவு பண்ணாதீங்க அத்தே. இவரு சொல்றதக் கேளுங்க" என்று மெல்லச் சொன்னார். அதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பும் வந்தது. அன்று மாலை மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை கோயிலில் அடக்கப் பூசை நடத்தி, கல்லறைத் தோட்டத்தில் நைனா பஞ்சசீலம் சொல்லி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சுவாமியாருக்கு எங்கள் வணக்கம். இரவும் பகலும் வந்து பார்த்த டாக்டருக்கும், கண்விழித்த அண்டை வீட்டாருக்கும், அத்தானுக்கு ஆறுதலாக நின்ற டிராம் தோழர்களுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய முஸ்லிம் குடும்பத்தாருக்கும், பெட்டியைச் சுமந்த பள்ளிப் பிள்ளைகளின் தகப்பன்மார்களுக்கும் நாங்கள் பட்டிருக்கும் நன்றிக் கடனைச் சொல்லி முடியாது. ஆண்டு நினைவுப் பூசைக்கும் அதன்பின் நடக்கும் பந்திக்கும் அனைவரும் வரவேண்டும்.

ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் மணி அடிப்பவர் அத்தான் வீட்டுத் தெருக்காரர். அந்தப் பந்தியின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், நைனாவின் நோன்பையும் அறிந்தவர். அக்காவை அடக்கம் செய்துவிட்டுச் சாந்தோம் வீட்டுக்குத் திரும்பியபோது உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. நைனா முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நோன்பையும் அவர் விடவில்லை, மணி ஓய்ந்தால் அன்றும் பட்டினிதான். மணி தொடங்கியதும் அத்தை இலையில் ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார்கள். "சம்பந்தி, மணி அடிக்குது. வாயத் தொறங்க" என்றார்கள். நைனா ஒரு வாய் வாங்கினார், அழுதார், மறு வாய் வாங்கினார். வழக்கமாக ஓயும் நேரம் கடந்தும் மணி ஓயவில்லை. ஏதோ கோளாறு என்று நான் கோயிலுக்கு ஓடினேன். வியர்த்து வழிய அவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பெரியவரு துன்னு முடிச்சாராம்மா?" என்று கேட்டார்.

இன்னும் கொஞ்சம் இலையில் இருக்கிறது என்றேன். அவர் மறுபடியும் கயிற்றை இழுத்தார்.