முன்பற்களுக்கு நடுவில் ஒரு சந்து

என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஒரு சம்பா அறுவடையில் போயின. கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர். சென்னையில் ஆட்சி மாறியிருந்த சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று எங்கள் தெருவே உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களை மறிக்க வரப்பில் வரிசையாக நின்றோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தள்ளுமுள்ளு தொடங்கியதும் ஒரு கம்பு வந்து வாயில் விழுந்தது. வலிக்கவில்லை. வாய்க்குள் சரளைக்கல் கிடப்பதுபோல இருந்தது. துப்பினேன். வரப்புப் புல்லில் என் பல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தியது அம்மாதான்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

"யாரு அடிச்சது? உங்க ஆளா, வெளியூர் ஆளா?"

"தெரியலைங்க."

பொய் சொல்லவில்லை. கம்பைத்தான் பார்த்தேன், அதைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. பிறகு பேச்சுவார்த்தையில் கூலி கொஞ்சம் கூடியது. எல்லாரும் அறுக்கப் போனார்கள். வாய்ப்புண் ஆறியதும் நானும் போனேன்.

பெண் பார்க்க நன்னிலத்திலிருந்து வந்தவரிடம் அம்மா முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர், "சோறு திங்க முடியுதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அவரையே கட்டிக்கொண்டேன்; அவரும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். பல் போனதிலிருந்து யாரிடம் பேசினாலும் சேலைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும். அது எனக்கே தெரியாமல் நடந்தது.

எட்டாவது வரை படித்திருந்ததால், பள்ளிகளில் சத்துணவு வந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே அமைப்பாளர் வேலை கிடைத்தது. பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும்போது பாதி எழுத்து காற்றாகப் போகும். அவர்கள் அதேபோல் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. தலைமையாசிரியைக்குத்தான் பொறுக்கவில்லை.

"தஞ்சாவூர்ல ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்க. ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

சரி என்றேன். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியை என் கையில் கொடுத்து, வாய்க்குள் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, கழட்டி மாட்டுற பிளேட். மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். தினம் கழட்டிக் கழுவணும். இன்னொண்ணு, பிரிட்ஜ். கழட்டவே வேணாம். ஆனா ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லைத் தேச்சு, அதுமேல உறை மாதிரி மாட்டணும். எலும்புலயே திருகு வச்சுப் பல் பதிக்கிறதும் வெளிநாட்டுல வந்திருக்கு. நம்ம பக்கம் இன்னும் வரல."

"தேய்க்கிற பல்லு நல்லாத்தான இருக்கு, டாக்டர்?"

"நல்லா இருக்கு. ஆனா தேச்சுட்டா தேச்சதுதான். திரும்ப வளராது."

"அப்ப பிளேட்டே போட்டுடுங்க."

மெழுகு போன்ற ஒன்றை வாயில் அழுத்தி அச்சு எடுத்தார். பிறகு கேட்டார்: "பழைய பல்லு எப்படி இருந்துச்சு? பல்லு தெரியிற மாதிரி போட்டோ இருந்தா கொண்டு வாங்க. அதே மாதிரி வைக்கலாம்."

போட்டோ கிடையாது. கல்யாணப் படத்திலும் வாயை மூடியிருக்கிறேன். எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவு வரவில்லை. வீட்டுக்காரர் பார்த்ததே இல்லை. அம்மாவிடம் போய்க் கேட்டேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"நடுவுல சந்து இருக்கும். உங்கப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீ சிரிச்சா அவரு மாதிரியே இருப்ப."

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"எல்லாரும் சந்தை அடைக்கச் சொல்லித்தான் வருவாங்க. நெருக்கமா வச்சா அழகா இருக்குமே?"

"இருந்த மாதிரியே வச்சிடுங்க."

அழகுக்கும் நினைவுக்கும் நடுவில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. கேட்டார், கையில் இருந்த பதிலைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பிளேட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். அன்றைக்கு வரப்பில் கத்தியவள், அதன் பின் இத்தனை வருஷமாக என் பல்லை நினைத்து ஒருமுறைகூட அழுததில்லை.

"நீ ஏண்டி இப்படி நிக்கிற? அழவாச்சும் செய்யேன்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

பேச்சு சில நாளில் சரியாகிவிட்டது. பிள்ளைகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார்கள். ஆனால் மேலண்ணம் மூடியிருந்ததால் சூடும் ருசியும் சரியாகத் தெரியவில்லை. சமைக்கும் ஆயா கரண்டியில் சாம்பாரை எடுத்து நீட்டினாள்.

"உப்பு போதுமா பாருங்க டீச்சர்."

வாயில் விட்டுக்கொண்டேன். வெறும் தண்ணீர் மாதிரி இறங்கியது.

"எனக்குத் தெரியல, நீயே பாரு" என்று கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.