முதலாண்டுப் பேக்கரிக்காரர்

அந்தப் பிரெஞ்சு வகுப்புக்கு அவர் பணம் கட்டியது தனக்காக அல்ல, மகளுக்காக. கட்டிய மறுவாரமே மருந்துக் கம்பெனியில் அவளுக்கு மாலை ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் அதெல்லாம் வழக்கமில்லை, வேண்டுமானால் வீட்டிலிருந்து வேறு யாராவது வந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்.

"நீங்களே போங்கப்பா," என்றாள் மகள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

"எனக்கு எதுக்குடி பிரெஞ்சு? என் வண்டியில வர்றவங்க எந்த பாஷையும் பேசறதில்ல."

"சும்மா போற காசு. போய் ஃபேன் காத்துலயாவது உக்காந்துட்டு வாங்க."

அவர் சவ வண்டி ஓட்டுகிறவர். வேலையெல்லாம் காலையிலும் மதியத்திலும்தான், மாலையில் ஓய்வு. வண்டியை இரண்டு தெரு தள்ளி ஒரு மரக்கடைக்குப் பின்னால் நிறுத்தி, அங்கிருந்த குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

முதல் நாள் பாடம் வணக்கம் சொல்வதும் விடைபெறுவதும். வணக்கத்தில் சிக்கலில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியை போய்க் கதவருகே நின்றுகொண்டாள். அவளை எல்லோரும் மதாம் என்று கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் அவளோடு கைகுலுக்கி, "ஓ ரவ்வார்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும் என்றாள்.

"அப்படின்னா என்ன மதாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மறுபடி பாக்கற வரைக்கும்னு அர்த்தம். நாம போயிட்டு வரேன்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி."

அவர் வரிசையில் கடைசிக்கு நகர்ந்துகொண்டார்.

போயிட்டு வரேன் என்பதை அவர் சொல்வதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. வண்டி ஓட்ட வந்த புதிதில் ஒரு வீட்டில், எல்லாம் முடிந்து ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாய்ப் பழக்கத்தில் "வரேம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுடைய தம்பி வந்து இவருடைய காலரைப் பிடித்தான். "மறுபடி எதுக்குடா வருவ? இன்னும் யாரு பாக்கி?" அன்றைக்கு முதலாளி தொழிலின் பாதியைச் சொல்லிக்கொடுத்தார். "எறக்கி விட்டியா, கதவச் சாத்தினியா, கெளம்பு. திரும்பிப் பாக்காத. வாயத் தொறக்காத."

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காலையில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் மனைவி, "கெளம்பியாச்சா?" என்பாள். இவர் "ம்" என்பார். அவ்வளவுதான் விடைபெறுதல்.

மதாம் கையை நீட்டினாள். கைகுலுக்கியும் வெகுகாலம் ஆகியிருந்தது. தொழில் தெரிந்தவர்கள் தூரத்திலிருந்தே தலையாட்டுவதோடு சரி. அவருக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கூச்சப்படாதீங்க. சத்தமா."

"ஓ ரவ்வார்."

யாரும் காலரைப் பிடிக்கவில்லை. படியில் பாதி இறங்கியிருந்தவர்கள் நின்று, திரும்பி, "ஓ ரவ்வார்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். மரக்கடைவரை நடந்து போகும்போது அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த வாரம் தொழில்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சின்னப் படங்கள். ஒவ்வொருவராக எழுந்து நான் இன்னார் என்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் படமும் இருந்தது. அதைச் சொன்னால், என்ன ஓட்டுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் அந்தப் பக்கத்தில் இல்லை. கீழ் வரிசையில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். வெள்ளைத் தொப்பி, கை கொள்ளாமல் நீள நீளமான ரொட்டி, சுற்றிலும் சிரித்த முகங்கள். இவர் எழுந்து நின்றார்.

"ஜ சுயி பூலான்ஜே." நான் பேக்கரிக்காரர்.

வகுப்புக்கே ஒரு சந்தோஷம். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு அளவு பார்க்கிற பெண். அவள், "அதான் உங்க பக்கத்துல உக்காந்தா நல்ல வாசனை. கேக்ல போடற எசென்ஸா சார்?" என்றாள். வண்டிக்குள் தெளிக்கிற பன்னீர் அது. அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்தப் பொய்யை அவர் வளர்க்கவில்லை, புத்தகம்தான் வளர்த்தது. மணி சொல்லும் பாடத்தில் மதாம் கேட்டாள்: எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? நாலு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா? உண்டு. மழை நாளில்? மழையிலும் ஆட்கள் வருகிறார்கள். வேலை கஷ்டமா? பழகிவிட்டது. எல்லாம் கலப்படமில்லாத உண்மை. "பாத்தீங்களா, ஒரு நாள் லீவு கிடையாது இவருக்கு!" என்று மதாம் மற்றவர்களிடம் மெச்சிக்கொண்டாள்.

குடும்பப் பாடத்தில் கண்ணாடிக்கடைப் பெண் எழுந்து, எனக்கு அப்பா இருக்கிறார், அப்பா படுத்திருக்கிறார், அப்பா கண்ணாடி போட்டிருக்கிறார் என்றாள். வேறு யாரையும் சொல்லவில்லை. கடைக்குப் போகும் பாடத்தில் அவளும் இவரும் ஜோடி. அவள் ரொட்டி கேட்க வேண்டும், இவர் எடுத்துக் கொடுத்து விலை சொல்ல வேண்டும். வகுப்பிலேயே அவர்களுடைய கடைதான் நன்றாக நடந்தது.

"வீட்ல இந்தப் பாடத்தச் சொல்லிப் பாக்கும்போது அப்பாதான் பேக்கரி," என்றாள் ஒருநாள். "படுத்தபடியே விலை சொல்வார். உங்களப் பத்தியும் சொல்லியிருக்கேன். ஆமா, உங்க கடை எங்கதான் இருக்கு? எப்பக் கேட்டாலும் மழுப்பறீங்க. ஓசியில கேட்டுருவேன்னு பயமா?"

"ரொம்ப தூரம்மா."

"பஸ் போகாத ஊரா?"

"நீ வர வேண்டாம். நானே ஒருநாள் கொண்டுவந்து தரேன்."

வீட்டில் இந்தக் கதை முழுக்கத் தெரியும். மனைவி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இங்க ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாது. அங்க போய் ரொட்டி சுடறாராம்!"

மகள் சிரிக்கவில்லை. "சொல்லிடுங்கப்பா. டிரைவர்னு சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"சொல்லலாம். அப்புறம் கை குடுப்பாங்களா?"



கடைசி வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாய்மொழித் தேர்வு, பிறகு சின்னதாக ஒரு விருந்து என்று மதாம் அறிவித்தாள். ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். பழம், ஜூஸ், பிஸ்கட் என்று பேச்சு ஓடி நின்று, எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பியது.

"ரொட்டிக்கு என்ன கவலை, பேக்கரியே கூட இருக்கும்போது," என்றாள் கண்ணாடிக்கடைப் பெண். அவர் சரியென்று சொல்லிவிட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் முதலாளி முகவரி ஒன்று சொன்னார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பெரியவர், ஒரே மகள். அவரும் கூடத் தூக்குகிற கூட்டாளியும் ஸ்ட்ரெச்சரோடு ஏறினார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கண்ணாடிக்கடைப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். சட்டைப் பையின் மேல் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்தாள். இத்தனை வருஷத்தில் ஸ்ட்ரெச்சரைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

"சீக்கிரம் ஆகட்டும்பா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ.

அவர் வேலையைப் பார்த்தார். பெரியவர் முகத்தில் கண்ணாடி அப்படியே இருந்தது. கூட்டாளி கழற்றப் போனார். "இருக்கட்டும்," என்று தடுத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இப்ப வேண்டாம்மா. அங்க போய், கடைசியா கழட்டிக்கலாம்." அவள் தலையசைத்தாள்.

குறுகலான படிக்கட்டு. அவர் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கியே நடந்து இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடிக்காமல் தன் புறங்கையை நடுவில் கொடுத்தார். இரண்டாவது திருப்பத்தில் தோல் வழன்றது. வண்டியில் அவள் அப்பாவுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். முன் கண்ணாடிக்கு அடியில் பழுப்பு அட்டை போட்ட பிரெஞ்சுப் புத்தகம் கிடந்ததை அவர் பாதி வழியில்தான் கவனித்தார். எடுத்து ஒளிக்க இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்காமல் போக வேண்டும்.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடியோடு அவள் இறங்கினாள். கதவைச் சாத்தினார். வாயைத் திறக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நின்றாளா போனாளா என்று அவருக்குத் தெரியாது.

"இனிமே வகுப்புக்குப் போகல," என்றார் வீட்டில்.

மனைவி காயத்தில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "ரொட்டி கொண்டு வரேன்னு சொல்லிட்டா வந்தீங்க?"

"சொன்னேன்."

"அப்ப குடுத்துட்டு வந்து போகாம இருங்க. பசியோட உக்காந்திருப்பாங்க, பாவம். எத்தனை பேர் வீட்டு வாசல்ல போய் நின்ன மனுஷன், இந்த வாசலுக்கு என்ன பயம்?"

பெரிய கடை ஒன்றில் நீள ரொட்டிகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். அவள் வந்திருக்க மாட்டாள் என்று நினைத்திருந்தார். வந்திருந்தாள். குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ரொட்டிப் பையை மேஜையில் வைத்துவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அவர் முறை வந்தது. பெயர், வயது, வீடு, குடும்பம் எல்லாம் தடங்கலில்லாமல் போயின. மதாம் பேனாவைத் தட்டியபடி, தெரிந்த பதிலை எதிர்பார்த்து, தொழிலைக் கேட்டாள்.

"ஜ சுயி ஷோஃபர்."

"ஓட்டுநரா? பேக்கரிக்காரர் இல்லையா?"

"இல்லை மதாம்."

"என்ன ஓட்டுகிறீர்கள்?"

வருஷம் முழுக்க அவர் ஒதுங்கிப்போன கேள்வி. சொல் தெரியாது. தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "பெரிய வண்டி. ஆட்கள் படுத்திருக்கிறார்கள். அவர்கள் தூங்குகிறார்கள். நான் மெதுவாக ஓட்டுகிறேன்."

"ஸ்லீப்பர் பஸ்!" என்று ஜன்னலோரம் இருந்த இன்சூரன்ஸ்காரர் தமிழில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மதாமும்.

கண்ணாடிக்கடைப் பெண் எழுந்தாள். பிரெஞ்சிலேயே சொன்னாள். "அந்த வண்டியில் என் அப்பா இருக்கிறார்." நடந்து முடிந்ததைச் சொல்கிற பாடம் அடுத்த வருஷம்தான். சற்று யோசித்து இன்னொன்றும் சொன்னாள். "அவர் நன்றாக ஓட்டுகிறார்."

சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்தது. மதாம் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, மேஜையில் இருந்த பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, கையாலேயே பிய்த்து, முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கு. வாங்க எல்லாரும்," என்றாள்.

வந்தார்கள். சிலர் உடனே, சிலர் சற்றுத் தயங்கி. இன்சூரன்ஸ்காரர் தனக்குப் பசியில்லை என்றார்.

"இது உங்க கடை ரொட்டியா சார்?" பக்கத்தில் வந்து நின்ற கண்ணாடிக்கடைப் பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன, குரல் பழைய குரல்தான்.

"வாங்கினதும்மா."

"தெரியும். வகுப்புல நீங்க சொல்ற விலையக் கேட்டுட்டு அப்பா அப்பவே சொன்னார். இந்த விலைக்கு விக்கறவன் பேக்கரிக்காரனா இருக்கவே முடியாது, ஒரு ரொட்டிகூடக் காசு குடுத்து வாங்கினவனாத் தெரியலன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டீங்க," என்றாள்.

"எங்க தொழில்ல சொல்லிக்கக் கூடாதும்மா. வரேன்னு சொன்னா யாருக்குத்தான் பிடிக்கும்?"

அவள் ரொட்டியை மென்றுகொண்டே அதை யோசித்தாள். "சரிதான். ஆனா இது வகுப்புதானே?"

வழக்கம்போல மதாம் கதவருகே போய் நின்றாள். இன்சூரன்ஸ்காரர் கைகளைப் பைக்குள் விட்டபடி, இவர் பக்கம் ஒரு தலையாட்டலோடு இறங்கிப் போனார். அது இவருக்குப் பழகிய தலையாட்டல். மற்றவர்கள் போகவில்லை. முதலில் கண்ணாடிக்கடைப் பெண் கையை நீட்டினாள். கட்டுப் போட்ட கையை நீட்டுவதா என்று அவர் பின்னுக்கு இழுத்தார். அவள் கட்டுக்கு மேலேயே பட்டும் படாமலும் பிடித்துக் குலுக்கினாள்.

"ஓ ரவ்வார்."

"ஓ ரவ்வார் அம்மா," என்றார். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

"இரண்டாம் வருஷம் சேருவீங்க இல்ல?" என்றாள் மதாம். "அடுத்த தடவை காசு கட்டணும். யாரோ கட்டினதுல உக்கார முடியாது."

"என் காசுதான் மதாம் அதுவும்," என்றார்.

மறுநாள் காலை அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டு, அடுப்படியிலிருந்து மனைவி, "கெளம்பியாச்சா?" என்றாள்.

"போயிட்டு வரேன்."

குழாய் மூடும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு அவள் கதவுவரை வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, போயிட்டு வாங்க. வரும்போது ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வாங்க. ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு, வீட்டுக்கு ஒரு துண்டு வரல."